லயத்துக்கு ஏறாத மைனர்

போன தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தம்பி கொழும்பிலிருந்து காரில் வந்தான். கார் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. பெரிய ரோட்டுச் சந்தியில் கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பட்டாசுப் பையையும் உடுப்புப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு, தூறலில் நனைந்தபடி நடந்து ஏறி வந்தான்.

"காரு எங்கடா?" என்று அம்மா கேட்டார்.

"கீழ நிக்குதும்மா. மேல ஏத்த ஏலாது. அடி இடிக்கும்."

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிளேன்டீயைக் குடித்து முடித்தார், டோர்ச்சை எடுத்தார், காரைப் பார்க்க இறங்கிப் போனார். திரும்பி வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அவர் சத்தம் போட்டால் யாரும் பயப்பட மாட்டோம். சும்மா இருந்தால்தான் பயம்.

அந்தக் கார் அவர் ஓட்டிய கார். மொரிஸ் மைனர் 1000, ஸ்ரீ நம்பர். ஒரு துரைக்கு வந்தது, பிறகு கிளாக்கர் ஐயா ஒருவரிடம் கைமாறி, கடைசியில் பெரியப்பாவிடம் வந்து சேர்ந்தது. டிக்கோயா டவுனில் நிறுத்தி ஹயர் ஓடினார். ஹட்டன் ஸ்டேஷனுக்கு, நோர்வூட்டுக்கு, மஸ்கெலியாவுக்கு, கலியாணத்துக்கு, சாவுக்கு. அம்மாவுக்கு என்னைப் பெற வலி எடுத்தது ராத்திரி ஒரு மணிக்கு. அந்த மைனர்தான் லயத்து வாசல் வரை ஏறி வந்து அம்மாவைக் கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி வந்து திறந்துவைத்த புதுக் கட்டடம் அப்போது இல்லை, பழைய ஆஸ்பத்திரிதான். ஆக, நான் இந்த விஷயத்தில் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

தம்பி கொழும்பில் போன் திருத்தும் கடையில் வேலை செய்கிறான். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷத்தில் நாட்டிலிருந்த பழைய கார் எல்லாவற்றுக்கும் விலை ஏறிப்போனது. எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைக்குக் கார் ஆசை வந்தால், சொந்தத்தில் கிடக்கும் பழையதைக் கேட்டு வாங்குவதுதான் வழி. மாசாமாசம் காசு கொடுத்து, ஒன்றரை வருஷத்தில் பெரியப்பாவிடமிருந்து காரை எடுத்தான். எடுத்த கையோடு கொழும்பில் ஒரு கராஜில் விட்டு, காரை மூன்று அங்குலம் கீழே இறக்கி, பதினைந்து அங்குல அலோய் வீல் போட்டுவிட்டான்.

காலையில் நானும் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. மைனரின் மட்கார்ட் உருண்டையானது. சாதாரணமாக அதற்குக் கீழே ஒல்லியான டயர் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும், சின்னப்பிள்ளை அப்பாவின் கோட்டைப் போட்ட மாதிரி. இப்போது வீல் மட்கார்ட்டை நிறைத்துக்கொண்டு நின்றது. கார் தரையோடு ஒட்டிப் படுத்திருந்தது. சந்திக்கடையில் பால் வாங்க வந்த பெடியன்கள் எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். முப்பது வருஷம் அந்த இடத்தில் நின்ற காரை அன்றைக்குத்தான் ஊர் முதல்முறையாகப் பார்த்தது.

இந்த மாதிரிக் காரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கூட்டம் வரும். ஒன்று, ஒரிஜினல் கூட்டம். பழைய காரில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது, மாற்றினால் பாவம் என்கிற ஆட்கள். மற்றது, அடிச்சு இறக்கு மச்சான் கூட்டம். எனக்கு இரண்டிலும் இடமில்லை. ஆனால் முதல் கூட்டத்தோடு எனக்குக் கொஞ்சம் பழைய கணக்கு இருக்கிறது, அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஒரிஜினல் என்றால் எந்த ஒரிஜினல்? மொரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்பாடு மினியையும் அவர்தான் செய்தார். மைனர் 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அதன் அகலம் பிடிக்கவில்லை. காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித்தள்ளி வைத்துப் பார்த்து, கண்ணுக்குச் சரி என்று பட்ட இடத்தில் நிறுத்தினார். நான்கு அங்குலம் கூடியது. அதற்குள் பம்பரெல்லாம் செய்து முடிந்துவிட்டதால், முதல் கார்களில் பம்பரையும் நடுவில் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்டினார்கள். மைனர் பொனட்டின் நடுவில் ஒரு பட்டை நீளமாக ஓடுமே, அதுவும் அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம்தான். பிறகு ஹெட்லைட். முதல் மொடலில் அது கிரிலுக்குள் தாழ்வாக இருந்தது. அமெரிக்கச் சட்டத்துக்கு உயரம் போதாது என்று மட்கார்ட்டுக்கு மேலே ஏற்றினார்கள். எஞ்சின் 918 சிசியில் தொடங்கி 803க்கு இறங்கி, 948க்கு ஏறி, 1098இல் போய் நின்றது. தொழிற்சாலையே இருபது வருஷத்துக்கு மேல் மாற்றிக்கொண்டிருந்த காரில் தம்பி கை வைத்தால் மட்டும் பாவமா?

இலங்கையில் ஓடுகிற மைனர்களில் எத்தனையில் பிறந்தபோது இருந்த எஞ்சின் இருக்கிறது என்று பாருங்கள். பெரியப்பாவின் காரில் இருப்பது டட்சன் எஞ்சின். கியர் பெட்டியும் அதனுடையது. பின்சீட்டு ஒரு பழைய வேனிலிருந்து வந்தது. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூடுதலாகச் சேர்த்திருந்தார், ஏழு பேரையும் இரண்டு அரிசி மூட்டையையும் ஏற்றினால் உட்காரக் கூடாது என்று. அதாவது அவரும் சஸ்பென்ஷனை மாற்றினவர்தான். மேலே தூக்கினார், அவ்வளவுதான் வித்தியாசம். அதை யாரும் கேட்கவில்லை. தேவைக்கு மாற்றினால் கெட்டிக்காரத்தனம், ஆசைக்கு மாற்றினால் ஆட்டம். இந்தத் தராசு எனக்குப் பிடிக்கவில்லை. லயத்துப் பிள்ளை எதை வாங்கினாலும் "இதால என்ன பிரயோசனம்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டுமா? அழகாக இருக்கிறது என்பது ஒரு பதில் இல்லையா?

ஒரிஜினல் கூட்டம் ரொம்பப் பெருமையாகச் சொல்லும் இன்னொன்று, பழைய நம்பர் பிளேட். ஸ்ரீ நம்பர் மாறாமல் இருந்தால் மதிப்பு கூடுமாம். இருக்கட்டும். ஆனால் டிக்கோயாவில் பிறந்தவளுக்கு அந்த எழுத்து வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். 1958இல் அந்தச் சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசும் போராட்டம் வடக்கில் மட்டும் நடக்கவில்லை, இங்கேயும் நடந்தது. எங்களுக்கு அடுத்த பள்ளத்தாக்கான பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். மைனரின் ஒரிஜினல் பிளேட்டைப் பார்த்து வெறும் பழைய ஞாபகமாக ரசிக்க எல்லாருக்கும் முடியாது. தம்பி அதை மாற்றவில்லை. மாற்றச் சொல்லி நானும் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கட்டும், ஆனால் அதைக் காட்டி எங்களுக்குப் பாரம்பரியம் படிப்பிக்க வராதீர்கள்.

சரி, கணக்கு முடிந்தது. இனித் தம்பியின் பக்கம்.

அன்று பகல் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி உயரத்தைப் பற்றியே இல்லை.

"வர்ற வழில வீல் நட்டு எத்தன தரம் இறுக்கின?"

தம்பி கொஞ்சம் யோசித்து, "கினிகத்தேனைல ஒருக்கா, வட்டவளைல ஒருக்கா" என்றான். வேகம் கூடும்போது ஸ்டியரிங் ஆடியதாம். புது வீல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தானாம்.

பெரியப்பா டவுனிலிருந்து அவருக்குத் தெரிந்த பாஸை அழைத்து வந்தார். பாஸ் முன்வீல் ஒன்றைக் கழற்றி, ஹப்பிலிருக்கும் போல்ட்டையும் அலோயில் இருக்கும் துளையையும் அளந்து காட்டினார். மைனருக்கு நான்கு போல்ட். அவை நிற்கும் வட்டத்தின் குறுக்களவு நான்கு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். தம்பி வாங்கிய அலோய் ஒரு ஜப்பான் சின்னக் காருடையது. அதற்கும் நான்கு துளை, ஆனால் வட்டம் 100 மில்லிமீற்றர். வித்தியாசம் 1.6. ஒரு பக்கத்துக்குப் பார்த்தால் 0.8. கண்ணுக்குத் தெரியாது. கையால் தள்ளினால் வீல் போய் உட்காரும். நட்டும் ஏறும். ஆனால் நட்டின் கூம்பு முனை துளையின் நடுவில் உட்காராமல் ஒரு ஓரத்தில் மட்டும் தாங்கும். போல்ட் வளைந்த நிலையிலேயே இறுகும். ஓடஓட ஆட்டத்தில் கூம்பு தனக்கு இடம் தேடும், நட்டு தளரும். மறுபடி இறுக்குவோம், மறுபடி தளரும். ஒருநாள் தளராது, போல்ட் முறியும்.

கினிகத்தேனை வளைவுகளை நீங்கள் பஸ்ஸில் போய்ப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாத பனி. அந்த இடத்தில் என் தம்பி காரை ஓரம் கட்டி, சிரித்துக்கொண்டே நட்டு இறுக்கியிருக்கிறான். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கராஜைப் பற்றி நான் பேசப் போவதில்லை. நாலுக்கு நாலு, போகும் என்று சொல்லிப் பூட்டிவிட்டார்கள். ஆனால் உங்களில் யாராவது பழைய இங்கிலாந்துக் காருக்கு ஜப்பான் வீல் போட நினைத்தால், முதலில் அந்த வட்டத்தை அளந்து பாருங்கள். மினிக்கும் அதே 101.6தான். துளை எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

வீலில் இன்னொரு பிழையும் இருந்தது. பெரியப்பா ஓட்டியபோது கிடந்த டயர் 155/80, பதினான்கு அங்குலம். தம்பி போட்டது 185/55, பதினைந்து. பதினைந்து பெரிது என்று தோன்றும், ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிட்டதால் முழு உயரம் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் குறைகிறது. அதாவது சஸ்பென்ஷனைத் தொடாமலே கார் ஒன்பதரை மில்லிமீற்றர் இறங்கிவிட்டது. உயரம் குறைந்தது, அகலம் கூடியது. அகலமான வீல் வெளியே தள்ளி நிற்கும்போது அதன் பாரம் முன்காலை நெம்புகோல் மாதிரி நெம்பும். மைனரின் முன்கால் எங்கே பலவீனம் என்று மைனர் ஓட்டின எவரைக் கேட்டாலும் சொல்வார்: கீழ் ட்ரனியன். வீல் திரும்புவதற்கான அந்தக் கால் ஒரு திருகு மரையில்தான் நிற்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேயும். தேய்ந்தால் ஒருநாள் கால் கழன்று, வீல் மட்கார்ட்டுக்குள் மடிந்து, கார் மூக்குக் குத்தி நிற்கும். பெரியப்பா வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற மாதிரி ஒழுங்காக அதற்குக் கிறீஸ் அடிப்பார். தம்பிக்கு அந்த நிப்பிள் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்கவில்லை.

உயரத்தை இறக்கியதில் மட்டும் கராஜ் பெரிய கொலை செய்யவில்லை. அதற்குக் காரணம் அவர்களுடைய திறமை இல்லை, இசிகோனிஸின் திறமை. சுருள் ஸ்பிரிங் உள்ள கார் என்றால் நம் ஆட்கள் கிரைண்டரால் இரண்டு சுற்றை வெட்டிவிடுவார்கள். அல்லது காஸால் சூடு காட்டி உட்கார வைப்பார்கள். சூடு பட்ட ஸ்பிரிங் உருக்கின் குணமே போய்விடும், பிறகு அது ஸ்பிரிங் இல்லை, சும்மா கம்பி. மைனரின் முன்பக்கத்தில் சுருளே கிடையாது. காரின் நீளவாக்கில் இரண்டு உருக்குத் தண்டுகள் படுத்திருக்கும், அவை முறுகித்தான் பாரத்தைத் தாங்கும். டோர்ஷன் பார் என்பது அதைத்தான். தண்டின் நுனியில் பல் வெட்டியிருக்கும். கழற்றி, பல்லை மாற்றிப் பூட்டினால் கார் இறங்கும். எதையும் வெட்டத் தேவையில்லை. பழையபடி பூட்டினால் ஏறும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்து இறக்கியிருந்தார்கள், அதையும் கழற்றலாம். பெரியப்பா சேர்த்த தகட்டை மட்டும் எடுத்து எறிந்துவிட்டார்கள். அந்தத் தகடு பற்றி அவர் இன்னும் பேசுகிறார்.

இறக்குவதால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் போனவர்களுக்கு மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டம் தெரியும், 1930களில் தொடங்கியது. றதெல்லவிலும் ஒன்று நடக்கும். அங்கே ஓடுகிற கார்களெல்லாம் தாழ்வாகத்தான் இருக்கும். பாரத்தின் மையம் கீழே போனால் வளைவில் கார் சாய்வது குறையும், டயர் ரோட்டைப் பிடிக்கும். தம்பியும் அவனுடைய கூட்டாளிகளும் வேலியில் தொங்கி அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான், இந்த ஆசை இணையத்திலிருந்து மட்டும் வரவில்லை. ஆனால் அந்தக் கார்களுக்கு ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்த்து மாற்றுவார்கள், ஒரு ஆள்தான் உட்காருவார், ரோட்டைச் சீசனுக்காகச் செப்பனிட்டிருப்பார்கள். நம்முடைய மைனரில் ஸ்பிரிங் அதே மென்மை, இறக்கினதால் மேலும் கீழும் ஆட மிஞ்சின இடம் மட்டும் பாதி. தீபாவளி அன்று பின்சீட்டில் மூன்று பேர் ஏறி ஹட்டன் கோயிலுக்குப் போனோம். ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு ரப்பரில் போய் முட்டியது. வளைவில் பின்டயர் மட்கார்ட்டில் உரசி, கருகின ரப்பர் வாசம் வந்தது. அத்தை திரும்பி வரும்போது த்ரீவீலில் வந்தார்.

இதற்கு பொலிஸ் இருக்கிறதே என்பீர்கள். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லி பஸ்ஸிலும் த்ரீவீலிலும் ஒட்டியிருந்த அலங்காரமெல்லாம் கழற்ற வைத்தார்கள். எங்கள் ரோட்டில் ஓடுகிற பஸ்களில் சாமி படம், மணி, குஞ்சம், கலர் லைட் எல்லாம் இறங்கின. அதில் சிலது உண்மையிலேயே ஆபத்தானதுதான், எதிரே வருகிறவன் கண்ணைக் கூச வைக்கும் லைட் மாதிரி. ஆனால் பொலிஸ் பார்ப்பது கண்ணுக்குத் தெரிவதை. சாதாரணக் காருக்கு வருஷாவருஷம் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள், நல்லது. முன்கால் தேய்ந்திருக்கிறதா, நட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தனியார் காரில் யார் பார்க்கிறார்கள்? குஞ்சத்தைக் கழற்றச் சொல்கிற நாட்டில் 1.6 மில்லிமீற்றரை அளக்க எங்கள் பாஸ் ஒருவர்தான் இருந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அன்று சாயந்தரம் நான் தம்பியிடம் என் பெரிய வாதத்தை எடுத்து வைத்தேன். கம்பஸில் படிக்கிற அக்கா இல்லையா, கொஞ்சம் நீளமாகவே பேசினேன். இந்தக் கார் எதற்காக இருந்தது? மேலே ஏறத்தான். ராத்திரி ஒரு மணிக்கு எந்த வாகனமும் வராத ரோட்டில் இதுதான் வந்தது. மைனரின் அடிவயிறு தரையிலிருந்து ஆறரை அங்குலத்துக்கு மேல். மூன்றைக் கழித்தால் மிச்சம் என்ன? எங்கள் ரோட்டில் மழைத்தண்ணி போக ஏழு இடத்தில் குறுக்கே கான் வெட்டியிருக்கிறது. அதில் எதையும் தாண்ட முடியாத காரை நீ கொழும்பில் படம் பிடிக்க வைத்திருக்கிறாய். நம்ம வீட்டுக்கு வர முடியாதது எப்படி நம்ம கார்?

அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"அக்கா, கார கேக்குற. ரோட்ட ஏன் கேக்கல?"

நான் வாயடைத்துப் போனேன்.

"நம்ம ரோட்டுக்கு ஏத்த காருதான் நாம வச்சிருக்கணும்னா, ரோட்டு எப்பவும் இப்பிடியே கெடக்கட்டும்னு தானே அர்த்தம்? துரை பங்களா ரோட்டுல எத்தன கான் இருக்கு, எண்ணிப் பாத்தியா?"

எண்ணிப் பார்த்ததில்லை. பிறகு போய் எண்ணினேன். மூடியிருக்கிறது, எல்லாமே.

அவன் சொன்னதில் சட்டமும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் காசில் வேலை செய்வதற்குத் தடையாக இருந்தது. நாங்கள் வாக்குப் போடுவோம், உறுப்பினர் வருவார், ஆனால் எங்கள் ரோட்டுக்குச் சபைப் பணம் வராது, அது கம்பனிக் காணி. அந்தப் பிரிவைத் திருத்தியது 2018இல். நானும், எனக்குப் பின்னால் பிறந்த தம்பியும், அந்தத் தடைக்குள் பிறந்தவர்கள். பெரியப்பா காரில் கூடுதல் தகடு போட்டதே அந்த 33ஆம் பிரிவால்தான் என்றுகூடச் சொல்லலாம். அவர் கெட்டிக்காரத்தனம் என்று நான் மேலே புகழ்ந்தது, இன்னொரு பக்கத்தில் பார்த்தால், யாரோ செய்யாமல் விட்ட வேலையை ஒரு ஏழை டிரைவர் தன் ஸ்பிரிங்கில் சுமந்தது.

ஆனாலும் நான் முழுசாகத் தோற்கவில்லை. சட்டம் திருந்தி இத்தனை வருஷமாகியும் எங்கள் ஏழு கானும் அப்படியேதான் இருக்கின்றன. ரோட்டைக் கேட்கத்தான் வேண்டும், எழுதித்தான் ஆக வேண்டும், சபைக்குப் போய் நிற்கத்தான் வேண்டும். அதுவரைக்கும் கார் சந்தியில் நின்றால், ராத்திரி ஒரு மணிக்கு வலி வருகிற அடுத்த பெண்ணை யார் கொண்டுபோவது? த்ரீவீல் இருக்கிறது என்பான். மழையில் ஐந்தாவது கானில் த்ரீவீல் வழுக்கி நின்றதை அவனும் பார்த்திருக்கிறான், நானும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் அபிப்பிராயம் இதுதான், ஒரிஜினல் கூட்டமும் அடிச்சு இறக்கு கூட்டமும் கோபித்துக்கொள்ளட்டும். இறக்குங்கள். அழகுக்காகவே இறக்குங்கள், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. வெட்டாமல், சூடு காட்டாமல், திரும்ப ஏற்றக்கூடிய விதமாக இறக்குங்கள். வீலை வாங்கும் முன் அளந்து வாங்குங்கள். எவ்வளவு இறக்குவது என்பதைக் கொழும்புத் தரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டு ரோட்டில் ஆழமான கான் எதுவோ, அதற்குள் ஒரு அளவுநாடாவை இறக்கிப் பாருங்கள். பின்சீட்டில் அத்தையை ஏற்றி வைத்துக்கொண்டு பாருங்கள்.

தம்பி விடுமுறையை இரண்டு நாள் நீட்டினான். பாஸும் பெரியப்பாவும் அவனுமாகக் காரை சந்தியிலேயே ஜாக்கி போட்டுத் தூக்கினார்கள். அலோய் நான்கும் இப்போது எங்கள் காம்பராவில் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன, விற்க ஆள் தேடுகிறான். 101.6இல் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குச் செய்த வீல் ஒரு செட் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், விலையைக் கேட்டுவிட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தான். அதுவரை மைனரின் பழைய இரும்பு வீல்தான். அதையும் சும்மா விடவில்லை, தேய்த்து, இளஊதா நிறம் அடித்திருக்கிறான். மைனர் பத்து லட்சத்தைத் தாண்டியதைக் கொண்டாட 1961இல் தொழிற்சாலையே கொஞ்சக் கார்களை அந்த நிறத்தில் விட்டது என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

முன்பக்கம் டோர்ஷன் பாரைக் கொஞ்சம் ஏற்றிப் பூட்டினார்கள். பின்பக்கக் கட்டையை மெல்லியதாக மாற்றினார்கள். மொத்தத்தில் கார் இப்போது முந்தினதைவிட ஒரு அங்குலம்தான் தாழ்வு. கிறீஸ் நிப்பிள் எங்கே என்று தம்பி படுத்துக் கிடந்து பார்த்துக்கொண்டான். பெரியப்பா தகட்டைத் திரும்பப் போடச் சொன்னார், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு விஷயத்தில் யார் சரி என்று எனக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கார் ஏறியது. ஆறு கான் பிரச்சினையில்லை. நான்காவதில் மட்டும் சைலன்சர் தட்டும், சத்தம் லயம் வரை கேட்கும். அதற்கு என்று பெரியப்பா இரண்டு சவுக்குப் பலகை வெட்டி, கானுக்குப் பக்கத்தில் தேயிலைச் செடிக்குக் கீழே வைத்திருக்கிறார். வருகிறவர்கள் போட்டு ஏறிவிட்டு, திரும்ப எடுத்து வைத்துவிட வேண்டும்.